உனக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது?

காஞ்சிபுரம்
12 ஜூன் 2025

நிக்கத்துக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. பக்ரீத் அன்று உன் அப்பா வீட்டில் உன் நலத்தை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன். முதலில் பிரியாணி. அப்புறம் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி பிரியாணி. அதன் மேல் ஈரல் வறுவல். அதற்கும் மேல் பிரெட் அல்வா. பக்கத்தில் நான் தயிர்சாதத்தைப் பிசைந்து பிசைந்து கூழாக்கிக்கொண்டிருந்தேன். உன் மாமியார் என்னைப் பார்த்து, "இன்னாமா, கறி சாப்பிட மாட்டியா? ஐயர் வூட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். தயிர்சாதம் கூட அன்றைக்கே செரித்துவிட்டது, அந்தச் சிரிப்பு இன்னும் செரிக்கவில்லை.

எப்படி நிக்கத்? அதை மட்டும் சொல். ஆறு வருடத்துக்கு முன்னால் சென்னை ஆஸ்பத்திரியில் குடல்நோய்ப் பிரிவு வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகினவர்கள் நாம். ஒரே ஊர், ஒரே வயது. பெருங்குடலில் ஒரே மாதிரி புண், ஒரே மாதிரி ரத்தம், நாளைக்குப் பத்துத் தடவை ஒரே மாதிரி ஓட்டம். அம்சவேணி டாக்டர்தான் உனக்கும் எனக்கும். மாத்திரையும் ஒன்றுதான். உன் கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாகச் சேர்ந்து போனபோது அவர் என்ன சொன்னார்? "ரெண்டு பேருக்கும் சேத்துதான் சொல்றேன். இன்னொரு தடவ புண்ணு பெருசா கெளம்புச்சுனா மருந்துக்கு அடங்காது. பெருங்குடலயே எடுத்துட்டு வயித்துல பை வெக்கணும்." அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. அந்த நிக்கத்தா ஈரல் வறுவல் சாப்பிடுகிறாள்?

என் கதை உனக்குத் தெரியும். காந்தி ரோடு பட்டுக்கடையில் பாய் விரித்து உட்கார்ந்து புடவை காட்டும் வேலை. கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் ஐம்பது புடவை பிரிக்க வேண்டும். பிரித்ததைப் போட்டுவிட்டு நடுவில் எழுந்தால் பக்கத்துப் பாய்க்காரி வந்து உட்கார்ந்துவிடுவாள், வியாபாரம் அவளுடையது. இந்த மாதம் ஒன்பது தடவை எழுந்திருக்கிறேன். கழிவறை மூன்றாவது மாடியில்.

பெண் பார்க்க வந்ததில் மூன்றாவது இடமும் போய்விட்டது. காபி கொடுத்த கையோடு அம்மா நோயைச் சொல்லிவிடுகிறாள். உங்கள் வீட்டில் சொல்லாமலே கட்டிக்கொடுத்தார்கள். தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பொறாமையாக இருக்கிறது, அவ்வளவுதான். கட்டின புருஷனும் இருக்கிறார், தட்டு நிறையக் கறியும் இருக்கிறது.

போனில் கேட்கலாமென்றால் உன் நாத்தனார் ரூக்ஷார் உன் போனை எடுத்து ஒன்று விடாமல் பார்ப்பதாகச் சொன்னாய். அதனால் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன். உனக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது? ஒளிக்காமல் எழுது.

ஜீவிதா


ஆற்காடு
20 ஜூன் 2025

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

நிக்கத் எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மேசைக்கு அடியில் வைத்து மூன்று தடவை படித்தேன்.

பதில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கண் பட்டுவிடும் என்று ஒரு பயம். இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய்.

ஆமாம், எனக்கு இப்போது எல்லாம் ஒத்துக்கொள்கிறது. இந்த வீட்டில் தனித்தனித் தட்டு கிடையாது. பெண்கள் நான்கு பேரும் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். புது மருமகள் என்பதால் மாமி நல்ல துண்டாகப் பார்த்துத் தன் கையாலேயே என் பக்கம் தள்ளிவிடுவார். "சாப்பிடு பேட்டி, ஒடம்பு எளச்சு கெடக்குது" என்பார். பேட்டி என்றால் மகள். நானும் சாப்பிடுகிறேன். ஒன்றும் ஆவதில்லை.

என்ன செய்கிறேன் என்றால், காலையில் வெறும் வயிற்றில் மாதுளந்தோல் கஷாயம். பாலும் தயிரும் அடியோடு நிறுத்தியாயிற்று, கோதுமையும் இல்லை. வாரத்தில் நான்கு நாள் ஆட்டுக்கால் சூப். இரவு படுக்கும் முன் ஏழு பேரீச்சம்பழம். மாத்திரையைக் கல்யாணத்தோடு விட்டுவிட்டேன். உடம்பு தானாகவே தேறிவிட்டது. நீ தயிர்சாதத்தையே கட்டிக்கொண்டு அழுவதுதான் தப்போ என்று எனக்கு ஒரு எண்ணம்.

இதை யாரிடமும் சொல்லாதே. உனக்காக மட்டும் எழுதினேன்.

நிக்கத்


காஞ்சிபுரம்
11 ஜூலை 2025

அடியே நிக்கத்,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். இன்றோடு பதினெட்டு நாள் மாத்திரை இல்லை. ஒன்றும் ஆகவில்லை!

மாதுளந்தோல் கஷாயம் கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "டாக்டரு குடுத்த மாத்திரய நிறுத்திட்டு ஆட்டுக்கால உறிஞ்சிக்கினு கெடக்குறியே, எவ சொன்னா உனக்கு?" என்று தினமும் ஒரு பாட்டம். சொல்லவில்லை. சொன்னால் உன் அப்பா கடைக்கே போய் நிற்பாள். என் அம்மா அலமுவைப் பற்றி உனக்குத் தெரியாதா?

போன வெள்ளிக்கிழமை வரதராஜர் கோயில் பக்கம் போனபோது மிளகும் சுக்குமாக மந்தாரை இலையில் வெந்த கோயில் இட்லி ஒரு துண்டு முழுசாகச் சாப்பிட்டேன். ஆறு வருடமாக அந்த வாசனையைத் தாண்டி நடந்தவள். அடுத்த நாள் இரண்டு மெதுவடை. அதற்கடுத்த நாள் கடையில் எல்லோரோடும் உட்கார்ந்து காரக்குழம்பு. பக்கத்துப் பாய் வடிவு வாயைப் பிளந்து பார்த்தாள். "இன்னாடி, உனுக்கு சரியாயிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். அதைச் சொல்லும்போது எப்படி இருந்தது தெரியுமா? நீ அன்றைக்கு ஏன் சிரித்தாய் என்று புரிந்தது.

இன்னும் ஒன்று. மாகறலில் இருந்து விமல்ராஜ் என்று ஒருவர், மின்வாரியத்தில் வேலை, தங்கை நிச்சயத்துக்குப் புடவை எடுக்க வந்தார். நாற்பது புடவை பிரித்தேன், ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. மறுவாரம் புடவைக்குக் குஞ்சம் கட்ட வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அவரே மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரம் சாக்குகூட இல்லை. பெரியவர்களை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். இந்தத் தடவை அம்மாவின் வாயை நான் கட்டப்போகிறேன். உன்னைப் போலத்தான் நானும், சொல்லாமலே. நோய்தான் போய்விட்டதே, எதைச் சொல்வது?

நேற்று மட்டும் நாலு தடவை போக வேண்டி வந்தது. மாம்பழம் தின்றதால் இருக்கும்.

ஜீவிதா


ஆற்காடு
18 ஜூலை 2025

அன்புள்ள ஜீவி,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

நான்கு தடவை போனதாக எழுதியிருக்கிறாய். ரத்தம் இருந்ததா? அதை எழுதவில்லையே. மாம்பழத்துக்கு நான்கு தடவை ஆகாது. எதற்கும் நீ மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்துவிடு. டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வா. நான் எழுதினது என் உடம்புக்கு. உன் உடம்பு வேறு. கஷாயமும் வேண்டாம், நிறுத்திவிடு. உன் அம்மா சொல்வதைக் கேள்.

உன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்காகத் தனியாக உலை வைக்க ஒருத்தி இருக்கிறாள். வயிறு சரியில்லை என்று வாய் விட்டுச் சொல்ல உனக்கு ஒரு வீடு இருக்கிறது. விமல்ராஜ் மூன்று தடவை தேடி வந்தார் என்கிறாய். என்னை யாரும் தேடி வரவில்லை. புரோக்கர் கொண்டுபோன போட்டோவைப் பார்த்தார்கள், முடிந்தது. எல்லாம் உனக்கே கிடைத்தால் எப்படி என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறைத்து என்ன பயன், தோன்றியது.

அது வேறு. மாத்திரையை ஆரம்பி. தயவுசெய்து.

நிக்கத்


காஞ்சிபுரம்
24 ஜூலை 2025

நிக்கத்,

நன்றாகப் புரிந்துவிட்டது.

நான் தயிர்சாதம் தின்றபோது உனக்கு என் மேல் பாசம் பொங்கியது. நான் வடை தின்றதும் மாத்திரை ஞாபகம் வருகிறது, டாக்டர் ஞாபகம் வருகிறது, உன் உடம்பு வேறு என் உடம்பு வேறு என்கிறாய். போன மாதம் அதை எழுத மை தீர்ந்துவிட்டதா? ஒருத்தர் என்னைத் தேடி வருகிறார் என்றதும் உனக்குப் பொறுக்கவில்லை. நீயே எழுதிவிட்டாய், எல்லாம் உனக்கே கிடைத்தால் எப்படி என்று. அந்த வரி ஒன்றுதான் அந்தக் கடிதத்தில் உண்மை.

ஊருக்குள் ஒருத்திதான் தேற வேண்டும், அது நீயாக இருக்க வேண்டும். இன்னொருத்தி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால்தானே நீ எழுந்து போனது பெரிதாகத் தெரியும்!

ரத்தம் கொஞ்சம் வருகிறது. வரட்டும். உடம்பு பழக நாளாகும். உனக்கும் முதலில் வந்திருக்கும், அதை நீ எழுதியிருக்க மாட்டாய். உன் நல்லெண்ணத்தை நீயே வைத்துக்கொள். இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

ஜீவிதா


ஆற்காடு
28 ஜூலை 2025

ஜீவி,

பிரிக்க மாட்டேன் என்றாய். நான் எழுதித்தான் ஆக வேண்டும். அல்லாஹ்வுக்காக இதைப் பிரி.

பொய் சொன்னேன். எல்லாமே பொய். எனக்கு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. பக்ரீத் அன்று நீ விடைபெற்றுப் போன பிறகு என் அப்பா வீட்டுக் கழிவறையில் மாலை வரை பதினொரு தடவை உட்கார்ந்தேன். அம்மா வெளியே குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், மாமிக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று. நவம்பரில் கல்யாணம் ஆனதிலிருந்து ரத்தம் நின்றதே இல்லை. பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் பக்கத்து வகுப்பாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வெயில் சரியாக வருகிறது என்று காரணம் சொன்னேன்.

மாத்திரையை நான் தேறியதால் நிறுத்தவில்லை. கல்யாணம் ஆன மூன்றாம் நாள் ரூக்ஷார் என் பையைக் கவிழ்த்து மருதாணி தேடினாள். மாத்திரை அட்டையை எடுத்து, "இது என்னா பாபி?" என்று அண்ணியான என்னைக் கேட்டாள். தலைவலி மாத்திரை என்று சொல்லி அவள் கண் முன்னாலேயே குப்பையில் போட்டேன். மறுபடி வாங்கவில்லை. வாங்கினால் வைக்க இடம் இல்லை, ஜீவி. இந்த வீட்டில் பூட்டு போட்ட பெட்டி என்று எனக்கு ஒன்றும் கிடையாது.

கஷாயமும் கிடையாது, பேரீச்சம்பழக் கணக்கும் கிடையாது. எழுத உட்கார்ந்தபோது மனதில் வந்ததை எழுதினேன். இந்த வீட்டில் தினமும் சாப்பிட வேண்டியிருக்கிற கறியையும் சூப்பையும்தான் உனக்கு மருந்து என்று எழுதிக் கொடுத்தேன்.

நோன்பு மாதம்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது. பகல் முழுக்க யாரும் எதையும் என் பக்கம் தள்ள மாட்டார்கள். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு. விலக்கு கேட்க நோயைச் சொல்ல வேண்டுமே. நான் கேட்கவில்லை. பிடிக்க வேண்டிய நோன்பில் ஒன்றைக்கூட விடாத மருமகள் என்று மாமி தெருவெல்லாம் பெருமை பேசினார். பெருநாள் அன்று எனக்குத் தலை சுற்றியதை வேறு விதமாக நினைத்து சந்தோஷப்பட்டார்கள்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். உனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் எனக்கு இனித்தது. இந்த ஆறு வருடத்தில் என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உன்னைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், எத்தனையோ தடவை. நீ நோயை மறைக்கவில்லை. வருகிறவனிடம் எல்லாம் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாய். உன்னிடமாவது ஒரு தடவை மேலே நிற்க வேண்டும் போல இருந்தது. நீ அப்படியே செய்வாய் என்று நினைக்கவே இல்லை. நினைக்காமல் இருந்தேன் என்று சொல்வதும் பாதி பொய்தான்.

உனக்கு ரத்தம் வருகிறது. இன்றைக்கே போ. மாத்திரையோடு போ. என்னைத் திட்டிக்கொண்டே போ.

நிக்கத்


காஞ்சிபுரம்
3 செப்டம்பர் 2025

நிக்கத்துக்கு,

சொன்னபடியே உன் கடிதத்தைப் பிரிக்கவில்லை. அலமாரியில் புடவைக்கு அடியில் சொருகிவிட்டேன். அவ்வளவு கொழுப்பு.

ஆகஸ்டு நான்காம் தேதி கடையில் ஒரு கல்யாணக் கூட்டம். இருபத்தாறாவது புடவையின் முந்தானையைப் பிரித்துக் காட்டும்போது வலி வந்தது. எழுந்தால் வடிவு உட்கார்ந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் என்ன நடந்தது என்று வடிவுதான் சொன்னாள். பாயெல்லாம் ரத்தம். வாடிக்கைக்காரர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். அவள்தான் தன் துப்பட்டாவை எடுத்து என்மேல் சுற்றி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாள். நான் அவளைப் பற்றி நினைத்ததெல்லாம் இருக்கட்டும்.

சென்னையில் பத்தொன்பது நாள். அம்சவேணி டாக்டர் அம்மாவிடம், "என்னா சாப்ட்டா, என்னா குடிச்சா, எல்லாத்தயும் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அம்மா வீட்டுக்கு ஓடி என் அலமாரியைக் கலைத்து உன் கடிதங்களைக் கொண்டுவந்தாள். பிரிக்காததையும் பிரித்து என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். உன் கழிவறை, உன் நோன்பு, எல்லாம். வாசித்து முடித்தபோது அவள் உன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பாவி பொண்ணு, அங்க யாரு அதுக்கு கஞ்சி வெச்சு குடுப்பா?" என்று அழுதாள். சாகக் கிடக்கிறவள் நான், அழுவது உனக்காக. அந்த நிலையிலும் எனக்கு எரிந்தது.

டாக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். "சாப்பாட்டால வலி கூடும், கொறயும். புண்ணு ஆறுறது மருந்தாலதான். ஒருத்திக்கு ஒத்துக்குறது இன்னொருத்திக்கு ஒத்துக்காது. நீ என்னான்னா அவ தட்டப் பாத்து சாப்ட்டுக்கினு இருந்திருக்க!" ஊசியும் ஸ்டீராய்டும் ஏற்றினார்கள். மூன்று நாள் அறுவை சிகிச்சைக்காரர்களும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் ரத்தம் குறைந்தது. குடல் தப்பியது. மயிரிழை என்றார்கள்.

உன் பொய்யை மன்னிக்கவில்லை. நாளானால் மன்னிப்பேனோ என்னவோ. நம்பினவள் நான்தான், அதையும் சொல்ல வேண்டும். நீ நல்லது சொன்னபோது பொறாமை என்றேன், கெட்டது சொன்னபோது தேன் மாதிரி விழுங்கினேன்.

இப்போது நீ கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பத்து மாதமாக மருந்து இல்லாமல் உனக்கு ரத்தம் போகிறது. எனக்கு ஒன்றரை மாதத்துக்கே இந்தக் கதி. செப்டம்பர் பதினைந்துக்குள் நீ டாக்டர் முன்னால் உட்காரவில்லை என்றால் நான் ஆற்காட்டுக்கு பஸ் ஏறுவேன். உன் மாமியார் வீட்டு நடுக்கூடத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்வேன். கல்யாணம் போனால் போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை. போகக் கூடாது. உயிரும் போகக் கூடாது. நீயே சொல்லிவிடு.

ஜீவிதா


சென்னை
18 அக்டோபர் 2025

அன்புள்ள ஜீவி,

இப்போது போனில் பேச எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்ல வாய் வராது. எழுதிவிடுகிறேன்.

நீ கெடு வைத்த பதினைந்தாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மதியம், தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமி வழக்கம் போல நல்ல துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். "மாமி, எனக்கு ஆறு வருஷமா நோய் இருக்குது. சொல்லாம கட்டிக்கிட்டேன்" என்றேன். எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை, முன்னறையில் இருந்த என் வீட்டுக்காரர் அர்பாஸுக்கும் கேட்டுவிட்டது. ரத்தம், மாத்திரை, நோன்பு என்று நிறுத்தாமல் சொன்னேன். ரூக்ஷார் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமி நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து மாசமா இந்தக் கையாலதானே ஊட்டுனேன். என் கையாலயே உனுக்கு வெசம் வெக்க விட்டுட்டியே பேட்டி" என்றார். எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அர்பாஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஏறு, டாக்டர பாக்கலாம்" என்றார். நீ சொன்ன தேதிக்குள் டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன் ஜீவி. ஆனால் என் குடல் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. உனக்குக் கேட்ட ஊசி எனக்குக் கேட்கவில்லை. வேறு மருந்தும் ஏற்றிப் பார்த்தார்கள். உன் அம்மா சொல்லியிருப்பார், செப்டம்பர் இருபத்தாறாம் தேதி பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். தொப்புளுக்கு வலது பக்கம், கொஞ்சம் கீழே, பை இருக்கிறது.

முதல் நாள் அதைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளும் பார்க்கவில்லை. உன் குடல் உன்னிடம் இருக்கிறது என்று நினைத்தேன். என் பொய்யால் உனக்குப் போக வேண்டியது, உனக்குத் தப்பி எனக்குப் போய்விட்டது. நியாயம்தானே என்று சொல்லிக்கொண்டேன். நியாயம் என்று தெரிந்தாலும் உன்மேல் பொறாமை குறையவில்லை. உன் அம்மா அலமு இங்கே என்னைப் பார்க்க வந்தபோதுகூட, இவள் மகளுக்கு வயிறு முழுசாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பையை எப்படி மாற்றுவது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது அர்பாஸ் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தினமும் வருகிறார். கோபம் போகவில்லை. "நோய மறச்சத விடு, எங்கிட்ட மறச்சியே" என்று பையை ஒட்டிக்கொண்டே சொல்கிறார். மாமி இன்னும் வரவில்லை. கஞ்சி மட்டும் தினமும் ஆற்காட்டிலிருந்து பிளாஸ்கில் வருகிறது. தனி டம்ளர், தனித் தட்டு, ஸ்பூன் எல்லாம் சேர்த்துக் கட்டி அனுப்புகிறார்.

கடைசியாக ஒன்று. முந்தாநாள் குழைந்த சோறும் அவித்த முட்டையும் கொடுத்தார்கள். மெதுவாக மென்று சாப்பிட்டேன். வலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாப்பிட்டு முடித்தபின் கழிவறை எந்தப் பக்கம் என்று கண் தேடவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் கேட்டேன், கொடுத்தார்கள். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

நிக்கத்


காஞ்சிபுரம்
22 அக்டோபர் 2025

நிக்கத்,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். தீபாவளிக் கூட்டம் முடிந்து பாய் எல்லாம் காலி. வடிவு பக்கத்தில் இருந்தாள். படித்து முடிக்கும் வரை அவள் என் தோளில் இருந்து கையை எடுக்கவில்லை.

ஆறுதல் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. வருவதை எழுதுகிறேன்.

விமல்ராஜிடம் நானே சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், கடை வாசலில், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், "கொழந்த பொறக்குமா?" என்று. பொறக்கும், டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். உன்னைக் கட்டினவர் ஏமாற்றப்பட்டவர். அவர் உட்கார்ந்து உன் பையை மாற்றுகிறார். என்னிடம் உண்மை கேட்டவர் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கு நான் எரியாமல் வேறு எதற்கு எரிவது?

குடல் என்னிடம்தான் இருக்கிறது. அதை நீ பார்த்துப் பொறாமைப்படு, தப்பில்லை. நானும் ஒன்று சொல்கிறேன். நீ இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய் என்று படித்ததும், நான் இங்கே கஞ்சியைப் பார்த்தேன். இன்றைக்கும் ஐந்து தடவை போய்விட்டு வந்தவள். அந்தப் பையைக்கூட ஒரு நிமிஷம் எனக்கென்று மனதுக்குள் கேட்டேன் நிக்கத். கேட்டதும் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் செருப்பால் அடிப்பார்கள்.

மன்னிப்பு இன்னும் வரவில்லை. அது வரும் வரை காத்திருந்தால் உன்னை எப்போது பார்ப்பது? சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். முதல் பஸ்ஸில் வருகிறேன். அன்றைக்கு ஒரு நாள் அர்பாஸ் வர வேண்டாம், வீட்டில் இருக்கட்டும். அந்த நோட்டை மட்டும் முதல் நாளே உன்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல். அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிய வேண்டும். உன் பக்கத்தில் அன்றைக்கு நான்தான் உட்காருவேன்.

ஜீவிதா